இன்னைக்கு எத்தனை

சிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு மகளின் இமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விரித்த நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்து வந்த சட்டைகளைச் சோதிப்பது அவள் வேலை. பிசிறோ, விட்டுப்போன தையலோ எதுவும் அவளிடம் தப்பாது. அங்கே பழுதுகளைக் குறிக்கும் அதே கோடுகளால்தான் மகள் கண் சிமிட்டுவதை மூன்று மாதமாக நோட்டில் குறித்துவந்தாள். கால் மணி நேரத்தில் நேற்று நானூற்றுப் பத்து, இன்று நானூற்று எழுபது.

கண்ணில் ஈரம் போதவில்லை என்று டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். அம்மா அதோடு நிற்கவில்லை. சூப்பர்வைசர் மீன் எண்ணெய் மாத்திரை என்றார், பக்கத்து மேசைக்காரி வெள்ளரித் துண்டு என்றாள், மாடி வீட்டுக்காரி நெற்றிப்பொட்டை அழுத்திவிடச் சொன்னாள், செல்போன் கண் பயிற்சிகளைச் சொன்னது. யார் எதைச் சொன்னாலும் அன்று மாலையே அது வீட்டுக்கு வந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளை எல்லாவற்றுக்கும் முகத்தைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. அடம் பிடித்திருந்தாலாவது தேவலை. வகுப்பில் அவளைச் 'சிமிட்டி' என்று கூப்பிடுகிறார்களாம். இந்தப் பெயர் பிள்ளையின் மேல் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று நினைத்தாலே அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது முறை போனபோது டாக்டரம்மா நெடுநேரம் சோதித்தார். பிறகு சிட்டுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"கண்ணு இப்ப நல்லாதான் இருக்கு. சொட்டு மட்டும் இன்னும் ஒரு மாசம் விடுங்க, மத்ததெல்லாம் நிறுத்திருங்க. மிச்சம் இருக்கறது பழக்கம்தான், தானா போயிரும். அவ சிமிட்டுறத யாரும் கவனிக்காதீங்க."

டாக்டர் கை கழுவிவிட்டார் என்றே அவளுக்குப் பட்டது. இரவுக் காவலுக்குப் போய்விட்டுப் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கணவன், தன்னிடம் இருக்கும்போது சிட்டு அவ்வளவாகச் சிமிட்டுவதில்லையே என்று இழுத்தான். நீங்க பார்த்தால்தானே தெரியும் என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் மின்சாரம் போய், மூன்று மணிக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அவள் வீடு வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடமும் விட்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். சிட்டு தரையில் பழைய பேப்பரை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அப்பன் ஒரு பக்கமாகப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று எண்ணினாள். கால் மணி நேரம். நூற்று முப்பது. எந்தப் பிள்ளையும் சிமிட்டுகிற அளவுதான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் உள்ளே ஓடினாள்.

சிட்டு நிமிர்ந்தாள். அம்மாவைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு முதுகை நேராக்கி உட்கார்ந்தாள். இமைகள் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.

"இன்னைக்கு எத்தனைம்மா?"

பரீட்சை மார்க்கைக் கேட்பதுபோல் கேட்டாள். நான்தான், என் கண்தான் என்று அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது, எப்படி இருப்பது என்று ஒன்றும் விளங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சின்னக் காலடிகள் வந்தன.

"கோவமாம்மா? நான் இனிமே கம்மியா பண்றேன்."

மருந்துக் குப்பியை அம்மாவின் கையில் திணித்துவிட்டு மடியில் மல்லாந்து படுத்துக்கொண்டாள் சிட்டு. நாலு மணிச் சொட்டு. இரண்டு விரலால் தானே இமையை விரித்துப் பிடித்துக் காத்திருந்தாள். விரலுக்குள் இமை துடித்துக்கொண்டே இருந்தது. அம்மா தன் கண்களை இறுக மூடிக்கொண்டு குப்பியை அழுத்தினாள். சொட்டு கன்னத்தில் விழுந்து காதை நோக்கி ஓடியது.

"கண்ணுல படலம்மா," என்றாள் சிட்டு, விரலை எடுக்காமலே. "என்னப் பாத்துப் போடு."