சண்முகவடிவு பெயர் போட்ட கூடம்

தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் ஏணி ஏறாமல் நுழையக்கூடிய பெரிய அறை அது ஒன்றுதான். பகலில் வீட்டில் இருக்க முடியாத வயசாளிகள் முப்பது பேருக்கு மேல் அங்கே வந்து உட்காருவார்கள். மதியம் சோறு, சாயங்காலம் டீ, வாரத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

அதை நடத்திய சங்கத்துக்குத் தலைவியாக வேண்டும் என்று சுனிதா ஆசைப்பட்டதில்லை. முன்பிருந்தவர் மகனோடு புனேவுக்குக் குடிபோனபோது கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை. முனிசிபல் பள்ளியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேரே அங்கே வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பரிமாற நிற்பாள்.

கொரோனாவுக்குப் பிறகு மாதாமாதம் நன்கொடை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் போனை எடுக்கவில்லை. அறைக்காரர் வாடகையை ஏற்றினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிரம்மநாயகம்தான் பொருளாளர். இப்படியே போனால் தீபாவளிக்குள் கதவைச் சாத்த வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். சுனிதா கடை கடையாக ஏறி இறங்கினாள். பார்க்கலாம் டீச்சர் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு நாள், அரிசி மொத்த வியாபாரம் செய்யும் முத்துசெல்வம் தானாகவே தேடி வந்தான்.

அவனுடைய அம்மா சண்முகவடிவு நாலைந்து வருஷமாக அங்கே வந்துகொண்டிருந்தவள். செம்பூரில் பிளாட் வாங்குவதற்காக முத்துசெல்வம் பழைய வீட்டை விற்றான். பிளாட்டில் அம்மாவுக்கு இடமில்லாமல் போனது. தாராவிக் கடைக்கு மேலிருந்த பரணில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தான். இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ராத்திரி கடைப் பையன்கள் ஷட்டரை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் ஷட்டர் ஏறியதும் அவள் இறங்கி இங்கே வந்துவிடுவாள்.

ஒரு நாளும் மகனைக் குறை சொன்னதில்லை. "எம் மவனுக்குச் செம்பூர்ல பெரிய பிளாட்டு. எனக்குத்தான் லிப்ட்டு ஒத்துக்கிடாது" என்பாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அவள் உயிர் பிரியும்வரை பக்கத்தில் இருந்தது சவரியம்மாள். ஆண்டாப் ஹில்லில் தனியாக இருக்கும் கிழவி. இருவரும் கூடத்தில் ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். முத்துசெல்வம் சாயங்காலங்களில் பழம் வாங்கி வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

இப்போது அவன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா இங்கதான் சந்தோஷமா இருந்தாவன்னு எல்லாரும் சொல்லுதாங்க டீச்சர். மூணு வருச வாடகைய நானே குடுத்திருதேன். வாசல்ல அவுங்க பேரு இருக்கணும், உள்ள ஒரு போட்டோ. வேற ஒண்ணும் கேக்கல."

அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பாக இருக்காதா என்று சுனிதா உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கமிட்டி கூடியது. சுனிதா தனக்கு மனசு ஒப்பவில்லை என்றாள். பிரம்மநாயகம் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "முப்பது பேருக்குச் சோறு போடணுமா, ஒருத்தன் யோக்கியதையப் பாக்கணுமாம்மா? அந்தம்மா உயிரோட இருந்தாலும் பூரிச்சுத்தான் போவாங்க." சுனிதா தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டாள்.

சவரியம்மாளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். போர்டு மாட்டிய அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சவரியம்மாள் சந்தில் நின்று அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். உள்ளே படத்துக்கு ரோஜா மாலை. முத்துசெல்வம் தன் கையாலேயே பாயசம் ஊற்றினான், பாதியில் நின்று அழுதான். வந்திருந்த ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு சேலை கொடுத்தான். சவரியம்மாள் மடியில் வைத்த சேலையை எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனாள். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

சுனிதா ஆண்டாப் ஹில்லுக்குப் போனாள். சவரியம்மாள் அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று கையைக் காட்டினாள்.

"முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா. எனக்குத் தைரியம் வரல" என்றாள் சுனிதா.

"உங்க மேல கோவமில்ல டீச்சர். அத்தனை பேரு வயிறு நெறையணும். எனக்குத் தெரியாதா."

"அப்ப வாங்கம்மா."

சவரியம்மாள் சொன்னாள்: "அவ அந்தப் போர்டப் பாத்திருந்தா என்ன செஞ்சிருப்பா தெரியுமா? சந்தோஷப்பட்டிருப்பா. எம் மவன் எம் பேரப் போட்டிருக்கான்னு தாராவி பூரா சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பா. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதையே ஆறுதலாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டுதான் சுனிதா அங்கே வந்திருந்தாள். கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தது. சுனிதாவே எழுந்து போய் இறக்கி வைத்தாள்.

பிறகு ஒரு டிபன் கேரியரில் சாப்பாடு கொடுத்தனுப்பிப் பார்த்தாள். மூடி திறக்காமல் திரும்பி வந்தது. மூன்றாம் முறை, கொண்டுபோனவரிடம் சவரியம்மாள் பதமாகவே சொல்லியனுப்பினாள்: கூடத்துச் சோறு வேண்டாம், வேறு யாருக்காவது ஆகட்டும்.

கூடம் நன்றாக ஓடியது. போர்டைப் பார்த்து இன்னும் இரண்டு வியாபாரிகள் தங்கள் பெற்றோர் பெயரில் ஃபேனும் தண்ணீர் மெஷினும் வாங்கிக் கொடுத்தார்கள். வருடாந்தரக் கூட்டத்தில் சுனிதா, தான் விலகிக்கொள்வதாகவும் வேறு யாராவது பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். எல்லோரும் அவளைப் பாராட்டிப் பேசினார்கள். கை மட்டும் யாரும் தூக்கவில்லை.

குளிர்காலத்தில் சவரியம்மாளுக்கு நெஞ்சுச்சளி கட்டிக்கொண்டது. மான்குர்த்தில் இருக்கும் தங்கை மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். விஷயம் தெரிந்த ஞாயிற்றுக்கிழமை சுனிதா தன் வீட்டில் மீன் குழம்பு வைத்து, ஒரு தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து அங்கே போனாள். சவரியம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். தூக்கைத் திறந்து பார்த்து, "நீங்க வச்சதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் தட்டை எடுத்து வரச் சொன்னாள். நாலு வாய்தான் இறங்கியது.

"எங்க பெஞ்சில யாரு உக்காருதா?"

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் உட்காருகிறார்கள் என்றாள் சுனிதா.

"நல்லது" என்று சவரியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கி போட்டோவ நான் சரியாப் பாக்கல. அதுல மூக்குத்தி இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப ரொம்பப் பழைய போட்டோ. மவன் கடைக்கு மொத மூட்டை அரிசி எடுக்க அவ அந்த மூக்குத்தியத்தான வித்தா."

சவரியம்மாள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுனிதா போர்வையை இழுத்துவிட்டு, அவள் மூச்சு சீராகும்வரை உட்கார்ந்திருந்தாள். தூக்கை அங்கேயே கழுவி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். கூட்டமான இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள். மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது. அது முடிந்ததும் பரிமாறப் போக வேண்டும்.