ஓடாதபோது ஓடிய கேமரா

“நான் ஆக்‌ஷன் சொன்னதும் அமுக்கினியா, இல்லையா?”

“அமுக்கினேன். நீ கட் சொன்னதும் மறுபடியும்—”

“அப்போ படம் எங்க போச்சு? உங்க மாமா மண்டைக்குப் பவுடர் பூசுறது மட்டும் எப்படி—”

“அதைத்தான் சொல்ல வர்றேன், கேளேன். முதல்ல ரெண்டு வாட்டி அமுக்கிட்டேன் போல. அதுலேருந்து எல்லாமே தலைகீழ்.”

கல்லூரி எடிட்டிங் அறையில் இருந்தது ஒரே நாற்காலி. சண்டை அதற்கும் சேர்த்துத்தான். தும்மல் வந்தால்கூட ‘இப்போ வேண்டாம்’ என்று ஆணையிடும் மாணவ இயக்குநருக்கு வகுப்பு வைத்த பட்டப்பெயர் உத்தரவு. ஸ்டூல் இல்லாமலே விளக்கு மாட்டிவிடும் உயரத்தால் கேமராக்காரிக்கு ஒட்டடைக்குச்சி.

அவன் ஆக்‌ஷன் என்றபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது. கட் என்றபோதெல்லாம் ஓடியிருக்கிறது. பழைய கேமரா அது. ஓடுகிறதா என்பதற்கு முன்பக்கச் சிவப்பு விளக்கு ஒன்றே சாட்சி. அதைப் பார்த்தால் வசனம் பறந்துவிடுகிறது என்று, நடிக்க வந்த கேமராக்காரியின் அத்தை புலம்ப, கறுப்பு டேப் ஒட்டச் சொன்னது உத்தரவு, ஒட்டியது ஒட்டடைக்குச்சி. பழியைப் பங்கு போடுவதிலேயே பாதிக் காலை போயிற்று.

எடுக்க நினைத்தது, நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த தம்பதி பிரியும் கதை. நடித்தவர்கள் அவளுடைய அத்தையும் மாமாவும். உத்தரவு உருகி உருகி எழுதிய வசனத்தில் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. மற்றதெல்லாம் பழுதில்லாமல் இருந்தது. விளக்கொளியில் மாமாவின் வழுக்கை பளபளக்க, அத்தை பவுடரை அப்பிக்கொண்டே, “ஆடாம நில்லுங்க, சுவருக்கு வெள்ளையடிச்சாக்கூட இத்தனை பாடு இல்லை” என்றாள். ஜன்னலில் படுக்கை விரிப்பும், விளக்கில் பட்டர் பேப்பரும் கட்டி ஒட்டடைக்குச்சி உண்டாக்கிய மென்மையான ஒளி, அந்த வசவின் மேல் அழகாக விழுந்திருந்தது.

மாலைக்குள் படத்தை ஒப்படைக்காவிட்டால் ஆண்டிறுதிப் படத்துக்குக் கேமரா அவள் கைக்கு வராது. மறுபடி எடுக்க நேரமில்லை.

இருப்பதை வெட்டி ஒட்டினாள். அத்தை அண்ணாந்து, கண் கனிந்து பார்க்கும் ஒரு காட்சி இருந்தது. ஒலிப்பதிவுக்காக நிறுத்திய மின்விசிறி மீண்டும் சுழன்றபோது அதற்குக் கிடைத்த பார்வை அது. விளையாட்டாக, மாமா நின்றபடி வசனத்தை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்க்கும் காட்சிக்குப் பின்னால் அதை வைத்தாள். அத்தை உட்கார்ந்திருந்தாள், மாமா நின்றிருந்தார்; பார்வை சரியாக அவர் முகத்தில் போய் உட்கார்ந்தது. சண்டை மறந்து உத்தரவும் ஒட்டடைக்குச்சியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக ஒட்டிக்கொண்டார்கள். பவுடர் காட்சிக்குப் பின்னால் வைத்தால் அதே முகம் கேலி செய்தது. மாமாவின் கொட்டாவிக்குப் பின்னால் வைத்தால் சலித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்து உத்தரவுக்கு விக்கல் வந்து, அது அவன் ஆணைக்கு அடங்கவில்லை. கடைசியில் பிரியும் கதை, பிரியவே தெரியாத இருவரின் கதையாகிவிட்டது.

தான் பார்க்காமல் படம் வெளியே போகக்கூடாது என்பது அத்தையின் நிபந்தனை. அலுவலகத்தில் எல்லாரிடமும் தன் அழுகைக் காட்சியைப் பற்றிச் சொல்லி வைத்துவிட்டு, மாமாவோடு வந்து நாற்காலியைப் பிடித்தாள். பவுடர் வந்ததும் மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அத்தையின் முகம் சிவந்தது.

“நான் அழுதது எங்கடீ? நான் வாய் கிழியக் கத்துறதையா நாலு பேர் பாக்கணும்? இப்பவே அழி.”

கேமரா கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது ஒட்டடைக்குச்சிக்கு. ஆனாலும் அத்தையின் முகம் அத்தைக்குத்தானே சொந்தம். படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அழிக்கும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாள்.

மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் சிரிப்பு நின்றிருந்தது. திரையில் அண்ணாந்து உறைந்திருந்த அத்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தையைக் கேட்டார்.

“நான் பாக்காதப்போ, நீ என்னை இப்படித்தான் பாப்பியா?”