நெல்லிச்சாற்றுப் பந்தயம்

கார்த்திகை, 1972.

தனக்கோடி மாமாவுக்கு மறுபடியும் வயிற்றுப் பிடிப்பு. மாமா என் அக்கா அமிர்தத்தின் கணவர். ஜாடிப் பட்டறையில் கிளேஸ் தொட்டியில் ஜாடிகளை முக்கி எடுப்பவர். பளபளப்புத் தரும் அந்தக் கரைசலில் ஈயம் உண்டு. அது ரத்தக் குழாயின் உட்புறத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது, ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டும் பேக்கிங்குக்கு மாறிக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் போயி வைக்கோல் சுத்தறதா?" என்றார் மாமா அக்காவிடம். "நெல்லிக்கா ரத்தக் குழாயக் காப்பாத்தும்னு உன் தம்பிதான சொன்னான். தெனம் ஒரு தம்ளரு குடிக்கிறேன் பாரு."

நான் சொன்னது அப்படியல்ல. சில செடிப்பொருள்கள் குழாயின் செல்களை நஞ்சிலிருந்து காக்கக்கூடும், உறுதியில்லை என்று மாலை வகுப்பில் கேட்டதைச் சொன்னேன். உறுதியில்லை என்பது மட்டும் மாமாவின் காதில் ஏறவில்லை.

அக்கா முடிவு செய்தாள். "மாயவா, கோழி அடையில இருக்குது. முட்டையில போட்டுப் பாரு. நெல்லி காப்பாத்துனா அவரு தொட்டியிலயே குளிக்கட்டும். இல்லன்னா பேக்கிங்கு."

மாமா சம்மதித்தார்.

அடைவைத்த முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், வளரும் கருவைச் சுற்றிச் சிவப்பு நூல்கள் தெரியும். அவைதான் ரத்தக் குழாய்கள். நல்ல நூல் தெரிந்த நான்கு முட்டைகளில் ஊசியால் துளையிட்டேன். முதலாவதில் எதுவும் விடவில்லை. இரண்டாவதில் கிளேஸ் தண்ணீர். மூன்றாவதில் கிளேஸும் நெல்லிச்சாறும். நான்காவதில் நெல்லிச்சாறு மட்டும். துளைகளை மெழுகால் அடைத்தேன்.

"நாலாவது எதுக்குடா?"

"நெல்லி மட்டும் என்னா செய்யுதுன்னு தெரியணும் மாமா."

"என்னா செய்யும்? முட்டைக்குப் பசியெடுக்கும்!"

முட்டைகளைத் திருப்பி வைக்கும்போது கோழி என் கையைக் கொத்தியது. என் முறைமீது அதற்கும் நம்பிக்கையில்லை போலும்.

ஞாயிறு மதியம் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். முதலாவதில் நூல்கள் செழிப்பாகப் பரவியிருந்தன. இரண்டாவதில் நூல்கள் அழிந்து வெறும் கலங்கல். மூன்றாவதிலும் கலங்கல்.

"வைக்கோலு சுத்தக் கத்துக்கிங்க" என்றாள் அக்கா.

"இருடி, நாலாவதப் பாக்கட்டும்."

அதுவும் கலங்கல். மாமா துள்ளி எழுந்தார். "ஈயமே படாத முட்டையும் செத்துப்போச்சு! உன் தம்பி குத்துன குத்துலதான் எல்லாம் போச்சு. பந்தயம் செல்லாது!"

எனக்கும் என் கைமீதுதான் சந்தேகம். ஆனால் முதலாவதையும் நான்தானே குத்தினேன்? சாறு எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். மாமா தினமும் குடிக்கும் ஜாடியிலிருந்து. அது அவரே வீட்டுக்கென்று செய்தது. கடை ஜாடியைவிட மினுங்க வேண்டும் என்று கிளேஸை இரண்டு மடங்கு பூசி, சூளையில் இடமில்லாமல் சூடு குறைந்த மூலையில் சுட்டது.

சாற்றைக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். மேல் பாதி கண்ணாடிபோல் இருந்தது. சாறு நின்ற கீழ்ப் பாதி மங்கிச் சொரசொரத்தது. சரியாக வேகாத பூச்சைப் புளிப்பு அரித்து, ஈயத்தைச் சாற்றில் இறக்கியிருக்க வேண்டும்.

புளிப்பே கொன்றிருக்குமோ என்ற சந்தேகமும் வந்தது. புது நெல்லியைக் கண்ணாடி பாட்டிலில் பிழிந்து இன்னொரு முட்டையில் விட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தபோதும் அதன் நூல்கள் வாடவில்லை.

நான் ஜாடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் மாமா அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப தெனம் நான் குடிச்சது..."

"உங்க கிளேஸதாங்க" என்றாள் அக்கா. "பட்டறையில முக்குனது போதாதுன்னு வூட்டுலயும் குடிச்சிருக்கீங்க."

"நெல்லி தோக்கலல்லடா?"

"ஜெயிக்கவும் இல்ல மாமா. மூணாவது முட்டைக்கும் அந்தச் சாறுதான். சோதனையே கெட்டுப்போச்சு."

"அப்ப பந்தயம்?"

அக்கா திரும்பி அவர் வயிற்றைப் பார்த்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, நாளைக்கே மேஸ்திரிகிட்டக் கேக்குறேன். ஜாடி கதய மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது. கண்ணு மங்குது, பேக்கிங்கு குடுங்கன்னு சொல்லிக்கிறேன்."

"கண்ணு மங்குனவருகிட்ட ஜாடிய எண்ணிக் கட்டச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

மாமா சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தார். "அப்ப காது மந்தம்னு சொல்றேன்."

"அது பொய்யில்ல" என்றாள் அக்கா.