மூன்று கோழிகளும் ஒரு சிவப்புச் சீட்டும்

என் பச்சைக் குப்பைத் தொட்டியின் மேல் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 'தவறாகப் பிரிக்கப்பட்ட குப்பை. எடுக்க மாட்டோம்.' தெருவே பார்க்கட்டும் என்று மூடியின் நட்டநடுவில்! தயிர் டப்பாவைக் கழுவித் துடைத்து, அதன் மூடியைத் தனியாகக் கிழித்துப் போடுகிறவள் நான். எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் போகாவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பாட்டிலை மாற்றிப் போட்டால் எதிர்வீட்டு ரோஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இன்றைக்கும் அவர் ஜன்னல் திரையை விலக்கி என் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவை என் கோழிகள் இட்ட முட்டைகள்.

அந்தக் கோழிகளைக் கொடுத்ததே நகராட்சி. சமையலறை மிச்சத்தைக் கோழி தின்றுவிட்டால் குப்பை குறையுமாம். கேட்ட வீட்டுக்கெல்லாம் மூன்று கோழி இலவசம். இரண்டு வருடத்துக்கு அடித்துச் சாப்பிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பான உறுப்பினர் பாவோ, என் பள்ளித் தோழியின் மகன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தன் கையாலேயே கூடையைக் கொடுத்தான். உருளைக்கிழங்குத் தோலும் காய்ந்த ரொட்டியும் தின்று கோழிகள் கொழுத்தன. ஞாயிறுதோறும் ஒரு பெட்டி முட்டை என் மகள் ஃபீர்லாவுக்குப் போகும். வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள், கடை முட்டையைத் தொடக்கூட இல்லை.

போன மாதம் தலையில் இடி விழுந்தது. அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்சாலை பல வருடங்களாக ஏதோ ஒரு ரசாயனத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்ததாம். அது மக்காது, எங்கேயும் போகாது. மண்ணிலிருந்து மண்புழுவுக்கு, புழுவைக் கொத்திய கோழிக்கு, கோழியிலிருந்து முட்டைக்கு வந்துவிட்டதாம். வீட்டு முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று நகராட்சி கூசாமல் அறிவித்தது. ஃபீர்லாவின் மகன் கைக்குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான் ஆகாரம். அவளுடைய ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு முடிவு சொல்கிறார்கள் என்று மருத்துவரிடம் போயிருந்தாள்.

கோழிக்கு அறிவிப்பு புரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது. நானும் முட்டையைக் காய்கறிக் கழிவோடு போட்டேன். அதற்குத்தான் இந்தச் சீட்டு.

சீட்டை உரித்து எடுத்துக்கொண்டு நேரே நகராட்சிக்குப் போனேன். பாவோவின் அறைச் சுவரில், கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் நிற்கும் படம் பெரிதாகத் தொங்கியது.

"என்னடா பாவோ இது?"

"உட்காருங்க, கோடெலீவ். கோவப்படாதீங்க. பச்சைத் தொட்டில போடறது உரமாகுது. முட்டையை அதுல போட்டா விஷம் திரும்ப மண்ணுக்கே போயிடும் இல்லையா? அதைப் பழுப்புப் பையில போடணும். எரிக்கப் போற குப்பைக்குன்னு கடையில விக்கிற நம்ம நகராட்சிப் பை."

"பை வாங்கறதைக் குறைக்கத்தானே கோழி குடுத்தே! இப்ப கோழி போடற முட்டையைத் தூக்கிப்போட நான் பை வாங்கணுமா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல."

"எனக்கு மட்டும்தான் இருக்கா? ஃபேக்டரிக்காரன் அத்தனை வருஷம் கொட்டினானே, அவன் தொட்டில எவன்டா சீட்டு ஒட்டினான்?"

பாவோ பேனாவை உருட்டினான். "அவங்ககிட்ட அனுமதி இருந்துச்சு."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என் தயிர் டப்பாவை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அணைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கழுத்து வளையவில்லை. கேட்டால் அனுமதியாம்! வாய்க்கு வந்தபடி திட்டத் தொடங்கினேன். அப்போது கதவு திறந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபீர்லா நின்றாள். நான் இங்கே இருப்பதை ரோஜர் சொல்லியிருக்கிறார்.

"ரத்தத்துல நிறைய இருக்காம்மா. இவன் உடம்புலயும் இருக்குமாம்."

"பால்?" என்றேன்.

"பால் வழியாவும் போகுமாம். ஆனாலும் நிறுத்தாதேங்கறாரு டாக்டர். குடுக்காம விடறதைவிடக் குடுக்கறது நல்லதாம்."

பாவோவின் முகம் தெளிந்தது. அதை நான் மன்னிக்கவே மாட்டேன். "பாத்தீங்களா, டாக்டரே சொல்லிட்டாரு" என்றான்.

குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டு அழுதது. ஃபீர்லா பாவோவின் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். என்னைப்போல் அவள் கத்தவில்லை.

"முட்டை பழுப்புப் பையில போடணும், சரி. மண்ணுக்கே போகக் கூடாதுன்னு அவ்வளவு கவனமா இருக்கீங்க. அதே விஷம் இருக்கற என் பாலை எதுல போடணும், பாவோ?"

அவன் மேசையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். சுவரில் கோழியோடு சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தை மட்டும் பார்க்கவில்லை.

குழந்தை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குடிக்கத் தொடங்கியது.