மச்சினன் வாங்கி வந்த போன்

தராசுத் தட்டைத் தூக்கி அடியில் தடவிப் பார்க்காமல் சௌந்தரராஜன் ஒரு கிலோ தக்காளிகூட வாங்கியதில்லை. ஹைதராபாத் சந்தோஷ்நகர் காய்கறிக்காரர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் வருவதைப் பார்த்ததும் ஒருவன் தட்டைத் தானே கவிழ்த்துக் காட்டி, "தேக்கோ சாப், குச் நை," அடியில் ஒன்றும் இல்லை பாருங்கள் என்று சிரிப்பான். அவர் சிரிக்க மாட்டார். காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் அவர் விஜிலென்ஸ் அதிகாரி, முறைகேடுகளைத் துருவிப் பார்ப்பவர். உத்தியோகம் கொடுத்த குணமா, குணத்துக்கேற்ற உத்தியோகமா என்று அவர் மனைவி சாவித்ரிக்கே இன்னும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ப்பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, சாவித்ரி புது போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, சிம் போட்டா எடுத்துக்க மாட்டேங்குது."

போன் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாவித்ரியின் ஒரே தம்பி உமாசங்கர் டாலஸில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறான். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், வழியில் ஹைதராபாத்தில் இறங்கி அக்கா வீட்டில் தங்கினான். கிளம்பும்போது அந்தப் பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். சாவித்ரி பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர். விடைத்தாள் திருத்தும் வேலை முடியட்டும், நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்று பெட்டியை பீரோவில் வைத்திருந்தாள். அவள் அதைத் திறப்பதற்குள் தம்பி டாலஸுக்கே திரும்பிவிட்டான்.

சௌந்தரராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார். இந்த சிம்மை ஏற்க முடியாது என்று ஆங்கிலத்தில் இருந்தது. தன் சிம்மைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான். பிறகு பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் கிழிஞ்சிருக்கு, கவனிச்சியா?"

"அவன் திறந்து பார்த்திருப்பான்."

"புது போனை அவன் ஏன் திறக்கணும்?"

அவர் உடனே தன் போனில் உமாசங்கரைக் கூப்பிட்டார்.

"புதுசுதான் மாமா. நானே கடையில நின்னு வாங்கினேன்" என்றான் அவன். "சார்ஜர் வயர் இருக்கான்னு பார்க்கத்தான் பிரிச்சேன்."

"அப்ப பில் இருக்குமே. அனுப்பு."

அந்தப் பக்கம் ஒரு தயக்கம். "பில்லு... தேடணும் மாமா. இது நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும். நான் இங்க அவங்ககிட்ட பேசறேன். கொஞ்ச நாள் பொறுங்களேன்."

சௌந்தரராஜனுக்கு அந்தத் தயக்கம் போதும். எத்தனையோ கான்ட்ராக்டர்கள் அவருடைய மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து இப்படித் தயங்கியிருக்கிறார்கள். 'பில்லைக் கேட்டா ஏன் இழுக்கிறான்?' என்ற கேள்வி முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் சாயங்காலம் தில்சுக்நகரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் போனை வாங்கி உள்ளே போகப் பார்த்தாள். "நக்கோ, வேண்டாம். இங்கேயே, என் கண் முன்னாடி பாருங்க" என்றார். அவள் முகம் சுருங்கினாலும் அங்கேயே பார்த்தாள். போனில் பழுது எதுவும் இல்லை, அமெரிக்காவில் வாங்கிய நெட்வொர்க்கோடு பூட்டப்பட்டிருக்கிறது, வாங்கியவரே அந்த நெட்வொர்க்கில் கேட்டுத் திறக்க வேண்டும் என்று இந்தியில் சொன்னாள்.

"நீங்க திறக்க முடியாதா?"

"ஹமாரே ஹாத் மே நை ஹை சார்." எங்கள் கையில் இல்லை என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டுச் சரக்கு, இவளுக்கு இதில் லாபம் இல்லை, அதனால்தான் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அவர் படியிறங்கினார்.

அலுவலகத்தில் பக்கத்து அறை ராமசுவாமியிடம் விஷயத்தைச் சொன்னார். ராமசுவாமி அப்பா காலத்திலிருந்தே ஹைதராபாத்வாசி. எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார்.

"ஹவ் சார், ஆமா, என் மருமகன்கூடச் சொன்னான். திருட்டு போனை அங்க அப்படித்தான் பூட்டிடுவாங்களாம். யார் தலையிலயாவது கட்ட வேண்டியதுதானே, இந்தியாவுக்கு வர்றவன் கையில கொடுத்து விட்டுடுவாங்களாம்."

அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் டாலஸுக்குப் போன் போட்டார்.

"உங்கக்காவுக்குக் கொடுக்க உனக்குத் திருட்டு போன்தான் கிடைச்சுதா? நாளைக்குப் போலீஸ்காரன் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினா என் உத்தியோகம் என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"மாமா, என்ன பேசறீங்க?"

"பில்லை அனுப்பு. அப்புறம் பேசறேன்."

"அக்கா பக்கத்துல இருக்காளா மாமா?"

"இருக்கா. எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கா."

"சரி மாமா. வெச்சிடறேன்."

சாவித்ரி மேஜையில் கிடந்த போனைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்த வாரம் முழுவதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சௌந்தரராஜனுக்கு அந்த மௌனம் சுட்டது. தான் சொன்னது சரிதான் என்று அவளுக்கு நிரூபித்தே தீர வேண்டும் என்று தோன்றியது.

சனிக்கிழமை மதியம் அவள் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அந்தக் கம்பெனியின் உதவி எண்ணை இணையத்தில் தேடினார். முதலில் கண்ணில் பட்ட எண்ணை அழைத்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். அவர் பிரச்சினையை விவரிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

"சார், நீங்க தமிழா? நானும் தமிழ்தான் சார். என் பேர் மஹதி."

பல வருஷமாகக் கடையிலும் ஆட்டோவிலும் இந்தியும் தெலுங்கும் பேசிப் பேசி வறண்டிருந்த நாக்கு. அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குள் ஏதோ இளகிவிட்டது. சொந்த ஊர் எது என்று கேட்டாள். திருச்சி என்றதும், தன் சித்தி வீடு உறையூரில் இருப்பதாகச் சொன்னாள். அவருடைய மச்சினன் செய்தது பெரிய தப்பு என்றாள். "உங்களை மாதிரி நேர்மையான ஆபீசரையே ஏமாத்தியிருக்காங்களே சார்" என்று வருத்தப்பட்டாள்.

தட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் மனிதர், அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"பூட்டைத் திறக்க ஒரு கோட் நம்பர் அனுப்பறோம் சார். அதுக்கு நீங்க இப்பப் பேசிட்டு இருக்கிற போன்ல ஒரு ஆப் போடணும். நான் சொல்லச் சொல்ல அழுத்துங்க."

அழுத்தினார். அவர் போனின் திரை அவள் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தது. அவர் தொடாமலே பக்கங்கள் திறந்தன, மூடின. அந்த நேரம் சாவித்ரி எழுந்து வந்தாள்.

"யாருங்க அது? யாரு என்னன்னு தெரியாம போனைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"கம்பெனி ஆளுங்க. நம்ம ஊர்ப் பொண்ணு. உன் தம்பி மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார் அவர், ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டு.

அவர் போனுக்குக் குறுஞ்செய்தியில் ஒரு எண் வந்தது. அதைப் படிக்கச் சொன்னாள், படித்தார். இன்னொரு எண் வந்தது, அதையும் படித்தார். "இனி எல்லாம் சரியாயிடும் சார், போனைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைங்க" என்றாள். அப்படியே அணைத்து வைத்தார்.

அன்று மாலை வாசல் மணி விடாமல் அடித்தது. சாவித்ரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு போய்க் கதவைத் திறந்தாள். ராமசுவாமியும் அவர் மனைவி புஷ்பாவும் மூச்சிரைக்க நின்றார்கள். புஷ்பா கையில் கஞ்சி நிரப்பிய பிளாஸ்க். சாவித்ரியைப் பார்த்ததும் புஷ்பா இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"மேடம்... நீங்க... வீட்டிலயா இருக்கீங்க?"

"ஏன், எங்க இருக்கணும்?"

"எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கத்தான் ஓடி வந்தோம்" என்று ராமசுவாமி தன் போனை நீட்டினார். சௌந்தரராஜனின் பெயரில், அவருடைய படத்தோடு, வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. சாவித்ரிக்கு மாரடைப்பு, ஐசியூவில் சேர்த்திருக்கிறது, அவசரமாகப் பணம் தேவை, இந்தக் கணக்குக்கு அனுப்பவும், பேசும் நிலையில் இல்லை.

சௌந்தரராஜன் அதை இரண்டு முறை படித்தார். ஓடிப்போய்த் தன் போனை உயிர்ப்பித்தார். வாட்ஸ்அப் திறக்கவில்லை. அவர் கணக்கு வேறு எங்கோ, வேறு யார் கையிலோ இருந்தது. தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. வங்கி ஆப் எதையும் நம்பாமல் அவர் போனில் வைத்துக்கொள்ளாததால் அவருடைய சேமிப்பு தப்பியது. ஆனால் அவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அவர் பெயரை. அவர் பெயரைச் சொன்னால் கேள்வி கேட்காமல் கொடுக்கக்கூடிய அத்தனை பேருக்கும் அந்தச் செய்தி போயிருந்தது.

அப்போது சமையலறையில் சாவித்ரியின் பழைய போன் அடித்தது. அவள் எடுத்தாள். எதிர்முனையில் அழுகை.

"சங்கரு? டேய் சங்கரு, நான்தான்டா."

"அக்கா?"

"நான் நல்லா இருக்கேன்டா. எனக்கு ஒண்ணும் இல்ல. யாரோ ஏமாத்தியிருக்காங்க."

உமாசங்கர் குழந்தை மாதிரி விம்மினான். அங்கே விடிந்து கண்விழித்ததும் செய்தியைப் பார்த்திருக்கிறான். மாமாவைக் கூப்பிட்டான், போன் அணைந்திருந்தது. இந்தியாவில் தனக்கிருந்த வங்கிக் கணக்கில் கிடந்ததை எல்லாம் துடைத்து அனுப்பிவிட்டான். விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டு, ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில், அக்கா பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது எடுக்க மாட்டார்களா என்றுதான் அவள் எண்ணை அழைத்திருக்கிறான்.

சாவித்ரி ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சங்கர்..." என்றார். "அன்னிக்கு நான் அவ்வளவு கேவலமாப் பேசினேன். அதுக்கப்புறமும் ஒரு வார்த்தை விசாரிக்காம எல்லாத்தையும் அனுப்பிட்டியேப்பா."

"அக்காவுக்குன்னு பார்த்ததும் வேற எதுவும் தோணலை மாமா. நீங்க பொய் சொல்வீங்கன்னு நான் எப்படி நினைப்பேன்?"

அந்தக் கேள்வி அவரை நேராகக் குத்தியது. "அந்த பில்லு... ஏன்ப்பா அன்னிக்குத் தயங்கினே?"

"விலை தெரிஞ்சா அக்கா வாங்கிக்க மாட்டா மாமா. திருப்பி அனுப்பிடுவா. அதான். பூட்டி விக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. இங்க எழுதிக் கொடுத்திருக்கேன், திறந்துடறேன்னு சொல்லியிருக்காங்க."

சாவித்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராமசுவாமிதான் முதலில் சுதாரித்தார். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணைக் கூப்பிட்டுப் புகார் கொடுக்க வைத்தார். தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் சாவித்ரியின் போனிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். சிலர் அனுப்பியது வங்கியிலேயே நிறுத்தப்பட்டது. உமாசங்கர் அனுப்பியதை மட்டும் அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. சௌந்தரராஜன் தன் சேமிப்பிலிருந்து அதை ஈடுகட்டப் பார்த்தார். மச்சினன் ஒத்துக்கொள்ளவே இல்லை.

சில வாரம் கழித்து போனின் பூட்டு திறந்தது. சாவித்ரி அதில் சிம்மைப் போட்டுக்கொண்டே, கணவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவன்கிட்ட சந்தேகம் கேட்டீங்க, அது தப்பில்லைங்க. பதில் வர்றதுக்குள்ளயே தீர்ப்புச் சொன்னீங்களே, அதுதான் தப்பு. அந்தப் போன் பொண்ணை ஒரு கேள்வி கேட்டிருந்தீங்கன்னா போதும்."

அவர் புது போனின் பெட்டியை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த கம்பெனி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலை பஸ்ஸில் இந்தப் பேச்சு வந்தது. நாலைந்து பேர் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். ராமசுவாமி பெருமூச்சு விட்டு, "இந்தக் காலத்துல யாரையுமே நம்பக் கூடாது சார். எல்லாரையும் சந்தேகப்படறதுதான் நமக்கு நல்லது" என்றார்.

"இல்ல ராமசுவாமி" என்றார் சௌந்தரராஜன். பஸ்ஸில் பின்சீட்டு வரை கேட்கும்படி குரலை உயர்த்தினார். "நான் எல்லாரையும் சந்தேகப்பட்டவன்தான். தராசுக்காரனை, சர்வீஸ் சென்டர்ப் பொண்ணை, சொந்த மச்சினனை. அதனாலதான் ஏமாந்தேன். உண்மையைச் சொன்னவங்களை எல்லாம் தள்ளி வெச்சுட்டேன், கடைசியில எனக்குப் பிடிச்ச மாதிரி பேசினவதான் மிச்சம். போன் எந்த நாட்டுல வாங்கினதா இருந்தாலும் சரி, வாங்கினவங்ககிட்டயே கேளுங்க. கம்பெனி எண்ணை அந்தப் பெட்டியில பார்த்துக் கூப்பிடுங்க. முகம் தெரியாத ஒருத்தருக்கு உங்க திரையைக் காட்டாதீங்க, வந்த எண்ணைப் படிச்சுச் சொல்லாதீங்க. யாராவது பணம் கேட்டு எழுதினா, குரலைக் கேட்காம அனுப்பாதீங்க. ஆனா ஒண்ணு. நம்ம மேல உயிரையே வெச்சிருக்கிறவங்களைச் சந்தேகத்தால அடிச்சுடாதீங்க. பணத்தை போலீஸ் தேடித் தரலாம், அவங்க மனசு உடைஞ்சா எந்த ஸ்டேஷன்ல போய்ப் புகார் கொடுக்கிறது?"