உறை பிரிக்காத ஸ்டூல்

"என் ஸ்டிக்க எங்கடா வச்சே?"

கோடம்பாக்கம் வீட்டில், கட்டிலைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று கத்தினாள் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்தெட்டு. இடது கால் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போனது. ஊன்றுகோலை மகன் பாலகணேஷ் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தான்.

"இன்னாமா நீ! கால் இல்லாத அம்மாவ வேலைக்கு அனுப்சிட்டு இவன் குந்திக்கினு துன்றான்னு பேசமாட்டாங்க?"

"ஒரு சோப்பு வேணும்னாலும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும். எனக்கு வேலை வேணும்டா."

பெற்றவளைப் பூட்டி வைத்தால் மட்டும் ஊர் வாயைத் திறக்காது. நல்ல ஊர்! மருமகள் சரண்யா சாவியை எடுத்து வந்து பீரோவைத் திறந்து ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள்.

தி.நகரில் ராஜரத்தினத்தின் துணிக்கடை. விற்பனைக்குப் பெண்கள் தேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார். வேலை கேட்டு வந்து நின்ற தங்கபுஷ்பத்திடம் அவர் முதலில் பார்த்தது காலைத்தான்.

"நம்ம ஊர்ப்பக்கம்ங்கீய, சரி. காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும்லா? முடியுமா?"

"உக்காந்து காட்டுறேன் அண்ணாச்சி. தையக்காரியா இருந்தவ. துணி தெரியும்."

"ஒக்காந்தா? வாங்க வாரவுகளுக்கு அது மரியாத இல்லம்மா."

கவுண்டருக்குப் பின்னால் வரிசையாக ஸ்டூல்கள். வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்டவை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அப்ப இதெல்லாம் எதுக்கு?"

"ஆபீசர் வந்தா காட்டணும்லா."

ஸ்டூலுக்கு முன்னால் பூஜா என்ற சின்னப்பெண் வீங்கிய பாதங்களை மாற்றி மாற்றி ஊன்றி நின்றாள். நல்ல கால்களைக் கெடுக்கிற கடைக்கு, ஏற்கெனவே கெட்ட கால் ஆகவில்லை!

"வேலை இல்லம்மா. கெளம்புங்க."

வீட்டுக்குப் போனால் மறுபடி அந்த பீரோ, அந்தச் சாவி. வாசல் பக்கம் திரும்பிய தங்கபுஷ்பம் நின்றாள். வாங்க வருகிறவர்களுக்காகக் கவுண்டருக்கு முன்னால் போட்டிருந்த மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் துணி எடுக்க வந்தவ, அண்ணாச்சி. இப்ப உக்காரலாம்ல?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜாக்கெட் துணி காட்டு பாப்பா. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது. நீயும் உக்காந்து காட்டு."

பூஜா முதலாளியைப் பார்த்தாள். துணி எடுக்க வந்தவர்கள் சொன்னதைத் தட்டக்கூடாது என்று தினமும் பாடம் நடத்துகிறவர் அவர்தான். ஸ்டூலை இழுத்தாள். உறையைக் கிழித்தாள். உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் போடும்மா," என்றாள் தங்கபுஷ்பம். "எனக்கு அவசரமே இல்ல. அண்ணாச்சிதான் வேலை குடுக்கலையே."