மூன்று தட்டு

"நீ அதுக்குள்ள இறங்கக் கூடாதுன்னா கூடாது, மச்சான்."

"அத சொல்ல நீ யாரு? கப்பலுக்கு—"

"உன் பொண்டாட்டிக்கு அண்ணன்."

"—கப்பலுக்கு மாமனாரா? இந்த ஆத்தங்கரையில இருக்குற பாய்லர்காரங்கள்ல பொறுக்கி எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க. போய் என் பொண்டாட்டி அழுவான்னு சொல்லச் சொல்றியா?"

லாக்லன் தங்கை புருஷன் நினியனை முறைத்தபடி சுத்தியலைக் கைமாற்றிக்கொண்டான். மத்தியானமாகியும் கிளைடு ஆற்றின் மேல் மூடுபனி கலையவில்லை. துறையில் நின்ற புதிய நாசகாரிக் கப்பல் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. கடற்படைக்கு அதனிடம் வேண்டியது வேகம் ஒன்றுதான். டார்பிடோ படகுகளை விரட்டிப் பிடிக்க வேண்டும். அதற்காக உடம்புத் தகட்டை மெலித்துக்கொண்டே போனார்கள். பட்டறையில் அதற்கு பிஸ்கட் டப்பா என்றே பெயர்.

இதே வரைபடத்தில் கட்டிய முதல் கப்பல், போன குளிர்காலத்தில் வடகடலில் நடுப்பகுதி மடிந்து இரண்டாக உடைந்தது. பாய்லர் அறைக்குள் காற்றை அடைத்து நெருப்பை ஊதுவதால், ஓடும்போது அதன் கதவை இறுக்கி மூடிவிடுவார்கள். வெளியே வர வேண்டியவன் மண்வெட்டியால் எஞ்சின் அறைப் பக்கத்து இரும்புத் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டுவான். அன்றைக்குத் திறந்துவிட ஆளில்லை.

அதனால் இந்தக் கப்பலுக்கு நடுவில் முட்டு இரும்புகள் வைத்தார்கள். சோதனை ஓட்டத்தில் அரை நாட் வேகம் குறைந்தது. ஃபோர்மன் பிரிங்கிள் முட்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். நாளை மறுபடி ஓட்டம். நெருப்புக்குக் கரி அள்ளப்போகிறவன் நினியன்.

லாக்லனின் வேலை, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளைத் தட்டிக் கேட்பது. மொத்தென்று சத்தம் வந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவான். ஒரு வட்டம் இருந்தாலும் கப்பல் துறையை விட்டு நகராது. இன்று காலை எஞ்சின் அறையில் நின்று தடுப்பைத் தட்டியபோது, ஆளே இல்லாத பாய்லர் அறையிலிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

"குளிர்ல இரும்பு முனகும்டா," என்றான் நினியன். "வா, நான் உள்ள போய்க் கதவ மூடிக்கிறேன். நீ அந்தப் பக்கம் நின்னு தட்டு. பேய் வந்தா பாதி ரொட்டி குடுத்து அனுப்பிடுறேன்."

லாக்லன் எஞ்சின் அறையில் இறங்கினான். மேலே கதவு மூடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.

மூன்று வந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. உள்ளங்கையை வைத்தான். அசையாத தண்ணீரில் நின்ற கப்பலின் தகடு மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.

"விளையாடாத, மச்சான்."

அவன் மேலே ஏறி வருவதற்குள் நினியன் தளத்தில் நின்றிருந்தான். கரி படாத முகம் வெளுத்திருந்தது.

"ஏன்டா அவ்வளவு சீக்கிரம் திறக்கச் சொன்ன?"

"நானா?"

"மூணு தட்டு தட்டுனியே."

"நான் ஒண்ணுதான் தட்டினேன். நீதான..."

"நான் கைய ஜேப்பில வெச்சிட்டு நின்னேன்."

லாக்லன் மறுபடி கீழே இறங்கி, கணீரென்று ஒலித்த நல்ல ஆணிகளையெல்லாம் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தான். சாக்பீஸ் தீரும் நேரத்தில் ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"என்ன இது, அம்மை போட்ட மாதிரி?" பிரிங்கிள் ஓர் ஆணியை விரலால் சுண்டினார். "எல்லாம் நல்லாத்தானய்யா இருக்கு. நாளைக்கு ஓட்டம் நின்னா முதல்ல போறது உன் வேல, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

லாக்லன் சுத்தியலை அவர் கையில் வைத்தான்.

"நீங்களே இந்தத் தடுப்ப ஒரு தடவ தட்டிப் பாருங்க சார். ஒரே ஒரு தடவ."